லியோனில் முதல் நாள்: பாட்டி, இரண்டு பிள்ளைகள், கையில் பெட்டிகள்

கேள்வி சுருக்கமாக: ஜூன் இரண்டாம் வாரம் சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் பிரான்சின் லியோன் நகருக்கு வருகிறோம். நான், கணவர், 10 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமியார். மாமியாருக்கு 68 வயது, முட்டிவலி, முட்டைகூடத் தொடாத சைவம். காலை 10:45க்கு விமானம் இறங்குகிறது, வீட்டுச் சாவி மாலை 4 மணிக்குத்தான் கிடைக்கும். பழைய லியோனில் மூன்றாம் மாடி அபார்ட்மெண்ட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம், இன்னும் பணம் கட்டவில்லை. முதல் நாளே பழைய நகரம், கதீட்ரல், ரோமானிய அரங்கம் எல்லாம் முடித்துவிடலாமா?

முடித்துவிடலாம். பாட்டி மறுநாள் முழுக்கப் படுத்திருப்பார், பிள்ளைகள் கதீட்ரல் வாசலில் உட்கார்ந்து அழுவார்கள், அவ்வளவுதான். நீங்கள் கேட்ட மூன்றும் லியோனில் கட்டாயம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கான நேரம் மறுநாள் காலை. முதல் நாளில் உங்களோடு மல்லுக்கு நிற்கப்போவது இடங்களின் தூரம் இல்லை, கடிகாரம். லியோன் சின்ன ஊர்தான், மெட்ரோவில் எங்கே போனாலும் அரை மணிக்குள் போய்விடலாம். நேரக் கணக்கைச் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

கணக்கு இதுதான். கோடையில் பிரான்ஸ் நம் நேரத்துக்கு 3:30 மணி பின்னால் இருக்கிறது. லியோனில் பகல் 12 என்றால் உங்கள் உடம்புக்கு மதியம் 3:30, அதுவும் இரவெல்லாம் சரியாகத் தூங்காத உடம்பு. அங்கே உணவகங்கள் மதியம் 12 முதல் 2 வரை சமைப்பார்கள், அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு இரவு 7 அல்லது 7:30க்குத்தான் மறுபடி திறப்பார்கள். அப்போது உங்கள் பிள்ளைகளின் வயிற்றுக்கு இரவு 10:30, 11. மேசையில் சாப்பாடு வருவதற்குள் சின்னவன் நாற்காலியிலேயே தூங்கியிருப்பான். ஆகவே முதல் நாளின் பெரிய சாப்பாடு மதியம்தான் இருக்க வேண்டும், இரவுக்கு வீட்டில் ஏதாவது எளிதாக. இதற்கு நேர்மாறாக ஜூன் சூரியன் இரவு 9:30 வரை மறையாது. 'வெளிச்சமாகத்தானே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் சுற்றலாம்' என்று அது உங்களைக் கெடுக்கும். அதை நம்பாதீர்கள்.

முதலில் வீட்டு விஷயம், ஏனென்றால் பணம் கட்டவில்லை என்றீர்கள். பழைய லியோனின் வீடுகள் பெரும்பாலும் 15, 16ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள். படங்களில் மிக அழகாக இருக்கும், உண்மையிலும் அழகுதான். ஆனால் மாடிப்படி என்பது கல்லால் ஆன சுருள்படி. நானூறு ஐந்நூறு வருடக் கால்கள் மிதித்து ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்து போயிருக்கும், உள்பக்கம் பாதம் வைக்கவே இடம் இருக்காது, பல இடங்களில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறோ கம்பியோதான். லிஃப்ட் வைக்க அந்தக் கட்டடங்களில் பெரும்பாலும் இடமே கிடையாது. தெருக்களும் கல் பாவியவை, சக்கரப் பெட்டியை இழுத்துப் போனால் தெரு முழுக்க உங்கள் வருகை கேட்கும். முட்டிவலிக்காரரை அங்கே மூன்றாம் மாடியில் வைப்பது சரியில்லை. 6ஆம் வட்டாரத்தில் ஃபோஷ், மசேனா மெட்ரோ நிலையங்களைச் சுற்றிப் பாருங்கள். தரை சமமாக இருக்கும், பெரிய ரயில் நிலையமும் பெரிய பூங்காவும் பக்கம், கட்டடங்களில் லிஃப்டும் இருக்க வாய்ப்பு அதிகம். லிஃப்ட் இருக்கிறதா என்பதைத் தனியாக எழுதிக் கேளுங்கள். இருந்தாலும் அது இரண்டு மூன்று பேர் நிற்கிற அளவுதான், பெட்டிகள் தனி நடை போகும். தெருக்கதவுக்கு எண் பூட்டு இருக்கும், அந்த எண்ணை முன்கூட்டியே வாங்கி காகிதத்தில் எழுதி வையுங்கள். கைபேசி சார்ஜ் போய் வாசலில் நிற்க வேண்டாம்.

ஏசி இருக்காது என்றே நினைத்துக்கொள்ளுங்கள், பல வீடுகளில் மின்விசிறியும் இருக்காது. லியோன் கோடையில் 35 டிகிரி போகும் ஊர். அந்த ஊர்க்காரர்களின் வழி, பகலில் சன்னலின் மரக்கதவை இறக்கி வைத்து, இரவில் திறந்து விடுவது. நம் ஊரில் எல்லாவற்றையும் திறந்துபோடும் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் வீடு அடுப்பாகிவிடும்.

அப்புறம், பெட்டியில் என்ன வைப்பது. இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. நெய், பால்கோவா, மைசூர்பாகு எல்லாம் இதில் அடங்கும். கறிவேப்பிலைக் கொத்தும் வேண்டாம், பச்சை இலைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், எண்ணெய் ஊறுகாய் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. பாட்டியின் முதல் இரவுச் சாப்பாடு இந்தப் புளிக்காய்ச்சலில்தான் நிற்கப்போகிறது, மறக்காமல் கைக்கு எட்டும் பெட்டியில் வையுங்கள். நம் இரண்டு உருண்டை முள் பிளக் கொண்ட சார்ஜர்கள் பிரான்சில் அப்படியே பொருந்தும். மூன்று முள் உள்ளவற்றுக்கு மட்டும் அடாப்டர் வேண்டும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கும்போதே உங்களுக்குக் குடிநுழைவுச் சோதனை முடிந்துவிடும், ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லை அதுதான். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் முகப்படமும் விரல்ரேகையும் எடுக்கிறார்கள், 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விரல்ரேகை இல்லை. வரிசை நீளலாம் என்பதால் இரண்டு விமானங்களுக்கும் நடுவில் நல்ல இடைவெளி வைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். பாட்டிக்கு டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டு வாங்குங்கள், கூச்சம் வேண்டாம். ஃபிராங்க்ஃபர்ட் நடை முழங்காலுக்கு ஆகாது. அதன் பிறகு லியோனில் பெட்டியை எடுத்தால் நேராக வெளியே.

லியோன் விமான நிலையத்தின் பெயர் செந்த்-எக்ஸ்யுபெரி. விமானியும் எழுத்தாளருமான அவர் 1900இல் இந்த ஊரில்தான் பிறந்தார். பெல்கூர் சதுக்கத்தின் ஓரத்தில் அவருக்கு ஒரு சிலை இருக்கிறது, பின்னால் அவர் கதையில் வரும் குட்டி இளவரசனும் நிற்பான். பெரியவள் அந்தக் கதையைப் படித்திருந்தால் பிற்பாடு ஒரு நாள் காட்டுங்கள். விமான நிலையத்திலிருந்து பார்-தியூ ரயில் நிலையத்துக்கு ரோன்எக்ஸ்பிரஸ் என்ற டிராம் ஓடுகிறது, ஏறக்குறைய 30 நிமிடம். டிக்கெட் விலை கொஞ்சம் உறைக்கும். பெரியவர் மூன்று பேர், கனமான பெட்டிகள் என்றால் வாடகைக் காரின் விலையையும் கேட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். பிள்ளைகளுக்காக டிராமையே நான் சொல்வேன். வண்டி தரைமட்டத்தில் நிற்கும், பெட்டி தூக்க வேண்டாம்.

பார்-தியூ நிலையத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும், அதற்கு இரண்டு பக்கம். டிராம் உங்களை இறக்கிவிடுவது வில்லெத் எனப்படும் கிழக்குப் பக்கம். மெட்ரோவும் ஊருக்குள் போகும் பேருந்துகளும் விவியே-மெர்ல் எனப்படும் மேற்குப் பக்கம். நடுவில் ரயில் நிலையத்தைக் குறுக்கே கடக்க வேண்டும், எப்போதும் கூட்டம் அலைமோதும். பணப்பையும் கடவுச்சீட்டும் உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும். மேற்கே வெளியே வந்தால் பென்சில் முனை வைத்த ஒரு கோபுரம் தெரியும். 1977இல் கட்டியது, 165 மீட்டர், ஊர்க்காரர்களும் அதைப் பென்சில் என்றேதான் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அதை இப்போதே காட்டி வையுங்கள், மாலையில் தேவைப்படும்.

பெட்டிகளை என்ன செய்வது? வீட்டுக்காரரிடம் 'மதியமே பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா' என்று கேளுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள். ஹோட்டல் என்றால் கேட்கவே வேண்டாம், வைத்துக்கொள்வார்கள். இரண்டும் இல்லை என்றால் ரயில் நிலையத்தில் பெட்டி வைக்கும் இடம் உண்டு, விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும்.

இப்போது மணி 12, 12:15 ஆகியிருக்கும். எதையும் பார்க்கப் போகாதீர்கள், சாப்பிடுங்கள். 1:30க்குப் பிறகு உள்ளே போனால் முகம் கொடுக்க மாட்டார்கள், 2 மணிக்குப் போனால் சமையலறை மூடியாயிற்று என்பார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் லியோன் பிரான்சிலேயே பேர்போன ஊர். பாட்டிக்கு அதுதான் தலைவலி. பூஷோன் எனப்படும் இந்த ஊர்ப் பாரம்பரிய உணவகங்களின் பெருமையே பன்றியும் மாட்டின் உள்ளுறுப்புகளும்தான். ஆந்துய்யெத் என்பது குடலால் செய்த தொத்திறைச்சி, தப்ளியே தெ சப்பூர் என்பது மாட்டின் இரைப்பையைத் துண்டு போட்டு ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. கெனெல் பார்க்க நம் கொழுக்கட்டை போல வெள்ளையாக, சாதுவாக இருக்கும், உள்ளே ஆற்று மீனும் முட்டையும். 'லியோன் சாலட்' என்று இலைதழை எதிர்பார்த்தால் அதில் பன்றித் துண்டுகளும் அரைவேக்காட்டு முட்டையும் வரும். பெயரைப் பார்த்து மிரள வேண்டாத ஒரே பண்டம் செர்வெல் தெ கனூ. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நெசவாளியின் மூளை' என்று வரும், இருப்பது என்னவோ பூண்டும் பச்சிலையும் சேர்த்து அடித்த புதுப் பாலாடைக்கட்டி. அசைவம் சாப்பிடுகிறவர்கள் பூஷோனுக்கு இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தனியாகப் போய்வாருங்கள், பாட்டியை அழைத்துப் போகாதீர்கள். நிலையத்துக்குப் பக்கத்தில், இந்த ஊரின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் போல் பொக்யூஸ் பெயர் தாங்கிய உள்ளரங்கச் சந்தைக்கும் இதுவே. கணவருக்குச் சொர்க்கம், பாட்டிக்கு வாசலிலேயே குமட்டும்.

'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் மீன் தட்டோடு வந்து நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'சான் வியாந்த், சான் புவாசோன், சான் எஃப்' என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல். எழுதியே காட்டிவிடுவது இன்னும் நல்லது. முதல் நாள் மதியத்துக்குப் பாட்டிக்குப் பாதுகாப்பானவை ஃபலாஃபெல், வறுத்த உருளை, காய்கறி கூஸ்கூஸ் (குழம்பு இறைச்சியோடு கொதித்ததா என்று கேட்டுவிட்டு), பீட்சா. பிரான்சில் பாலாடைக்கட்டி உறையக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்ப்பது வழக்கம். அந்த அளவுக்குப் பார்ப்பவர் என்றால் பாலாடைக்கட்டியே இல்லாத மரினாரா பீட்சா கேளுங்கள், தக்காளியும் பூண்டும்தான் இருக்கும். பகேத் ரொட்டியில் கவலையே இல்லை. 'திரதிசியோன்' என்று விற்கும் பகேத்தில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட்தான் முக்கியச் சேர்மானம் என்று 1993ஆம் ஆண்டின் அரசாணையே இருக்கிறது. பிரியோஷ், குவாசோன் மாதிரி இனிப்பு ரொட்டி வகைகளில் முட்டையோ வெண்ணெயோ இரண்டுமோ இருக்கும்.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். 'ஊன் கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைக் குடுவையில் காசில்லாமல் கொண்டுவந்து வைப்பார்கள். நல்ல தண்ணீர், ரோன் ஆற்றோரக் கிணறுகளிலிருந்து வருவது. ரொட்டியும் சாப்பாட்டோடு சேர்த்திதான். சேவைக் கட்டணமும் விலைக்குள் அடக்கம், டிப்ஸ் கட்டாயம் இல்லை. இன்னொன்று, இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: கடை, உணவகம், பேருந்து, எங்கே நுழைந்தாலும் முதல் வார்த்தை 'போன்ழூர்'. அதைச் சொல்லாமல் நேரே 'ஹவ் மச்' என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கும், பிரெஞ்சுக்காரர்களுக்குத் திமிர் என்று நீங்கள் ஊருக்கு வந்து சொல்வீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், ஐந்து வயதுப் பிள்ளை போன்ழூர் சொன்னால் பேக்கரியில் எதுவும் நடக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் தெத் தோர் பூங்கா. பலர் இதைக் கடைசி நாளுக்கு ஒதுக்குவார்கள், நான் முதல் நாளிலேயே வைக்கச் சொல்வேன். விமானத்தில் கட்டிப்போட்ட பிள்ளைகளுக்கு ஓட இடம் வேண்டும், பாட்டிக்குச் சமதரையும் பெஞ்சும் வேண்டும், எல்லோருக்கும் வெயில் வெளிச்சம் வேண்டும், உடம்புக் கடிகாரத்தைத் திருத்துவது அதுதான். மூன்றும் ஒரே இடத்தில், கட்டணம் இல்லாமல். பார்-தியூ நிலையத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து C1 எண் பேருந்தில் ஏறுங்கள், தலைக்கு மேலே மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் டிராலிபஸ் அது. நம் பிள்ளைகள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ரோன் ஆற்றுப் பக்கத்துப் பெரிய இரும்பு வாயிலருகே இறங்கினால் எதிரிலேயே ஏரி.

1857இல் திறந்த பூங்கா, 117 ஹெக்டேர். கிறிஸ்துவின் பொன் தலை ஒன்று இங்கே எங்கோ புதைந்திருக்கிறது என்ற பழங்கதையிலிருந்து வந்தது 'தங்கத் தலை' என்ற பெயர். உள்ளே ஒரு மிருகக்காட்சிசாலை, அதுவும் இலவசம். ஒட்டகச்சிவிங்கிகள் திறந்த வெளியில் நடப்பதைப் பாதையில் நின்றே பார்க்கலாம். ரோஜாத் தோட்டம் ஜூன் மாதத்தில் நன்றாகப் பூத்திருக்கும், பாட்டியை அங்கே உட்கார வைத்துவிடலாம். ஏரியில் படகு வாடகைக்குக் கிடைக்கும், பிள்ளைகளுக்குச் சிறு ரயிலும் உண்டு. எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். ஒட்டகச்சிவிங்கி, புல்தரை, ஐஸ்கிரீம், இவ்வளவு போதும். புல்லில் தாராளமாகப் படுக்கலாம், ஊரே படுத்திருக்கும். பாட்டி 20 நிமிடம் கண்ணயர்ந்தால் அது இங்கேயே நடக்கட்டும்.

ஏனென்றால் 4 மணிக்கு வீட்டுக்குப் போனதும் தூங்கக் கூடாது. அப்போது உங்கள் உடம்புக்கு இரவு 7:30. 'ஒரு மணி நேரம் படுத்துக்கொள்கிறேன்' என்று சாய்ந்தால் இரவு 11 மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள், பிள்ளைகள் விளையாட்டுச் சாமான் கேட்பார்கள். குளியுங்கள், உடை மாற்றுங்கள், ஒருவர் மட்டும் கடைக்குப் போய்வாருங்கள்.

கடையில் வாங்க வேண்டியவை: பாலில் சிவப்பு மூடி முழுக் கொழுப்பு, நீல மூடி பாதிக் கொழுப்பு, பச்சை மூடி கொழுப்பு நீக்கியது. பாட்டியின் காப்பிக்குச் சிவப்பு. தயிருக்கு 'யவூர்த் நத்யூர்' என்று எழுதிய சின்னக் கப்புகள், 'சுக்ரே' என்ற சொல் இருந்தால் சர்க்கரை போட்டது, எடுக்காதீர்கள். அரிசியில் பாஸ்மதி எல்லாக் கடையிலும் உண்டு. ஆனால் தயிர்சாதத்துக்கு 'ரி ரோன்' என்ற உருண்டை அரிசியை வாங்கிப் பாருங்கள். இவர்கள் அதைப் பாலில் போட்டு இனிப்பு செய்ய வைத்திருக்கிறார்கள், குழைய வேகும், மசித்துப் பிசையத் தோதான அரிசி. வாழைப்பழம், ரொட்டி, வெண்ணெய், மறுநாள் காலைக்குச் சேர்த்தே வாங்குங்கள். மற்ற நாட்களில் நம் சாமான் வேண்டும் என்றால் கியோத்தியேர் பகுதியின் ஆசியக் கடைகளுக்குப் போகலாம், முதல் நாளில் அந்த அலைச்சல் தேவையில்லை.

நீங்கள் இறங்கும் கிழமை என்ன என்று எழுதவில்லை. ஞாயிறு என்றால் இந்த வரிசையே மாறும். பல கடைகள் மதியம் 1 மணியோடு மூடிவிடும், ஆகவே மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இந்தச் சாமான்களை வாங்கியாக வேண்டும். திங்கள் என்றால் பல உணவகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விடுமுறை, பூங்காவுக்கு அது ஒன்றும் செய்யாது.

5:15க்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்புங்கள். முதல் நாளில் ஊரைப் பார்த்தோம் என்று சொல்ல ஒரே ஒரு காட்சி போதும், அது ஃபூர்வியேர் குன்று. ஃபோஷிலோ மசேனாவிலோ மெட்ரோவின் A வரியில் ஏறி, பெல்கூரில் D வரிக்கு மாறி, அடுத்த நிறுத்தமான வியூ லியோனில் (பழைய லியோன்) இறங்க வேண்டும். D வரி ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது, 1992 முதல் தானாக ஓடுகிறது. பிள்ளைகளை முதல் பெட்டியின் முன்கண்ணாடி அருகே நிறுத்துங்கள். சோன் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் எதிரே விரிந்து வரும், அந்த ஒரு நிறுத்தத்துக்காகவே மறுபடி போகலாம் என்பார்கள். டிக்கெட் ஒரு மணி நேரம் செல்லும். வண்டி மாறும்போதெல்லாம் மறுபடி இயந்திரத்தில் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் உண்டு.

வியூ லியோன் நிலையத்திலேயே குன்றேறும் கயிற்று ரயில் இரண்டு தொடங்குகிறது. ஊர்க்காரர்கள் அதைக் கயிறு என்ற பொருளில் 'ஃபிசெல்' என்பார்கள். உலகிலேயே நகருக்குள் ஓடிய முதல் கயிற்று ரயில் 1862இல் இந்த லியோனில்தான் வந்தது, ஆனால் எதிர்க் குன்றில். இரண்டில் ஃபூர்வியேர் என்று எழுதியதில் ஏறுங்கள், மெட்ரோ டிக்கெட்டே போதும். மேலே வந்து வெளியே கால் வைத்தால் எதிரே தேவாலயம், பாட்டி ஒரு மேடுகூட ஏற வேண்டாம். நடந்தே ஏறலாம், படிக்கட்டு அழகு என்று யாராவது சொன்னால் அவர்களை மட்டும் அனுப்பிவையுங்கள்.

1870 போரில் பிரஷ்யப் படை ஊருக்குள் வராமல் இருந்தால் கோயில் கட்டுவதாக லியோன் மக்கள் நேர்ந்துகொண்டார்கள். படை வரவில்லை. 1872இல் தொடங்கி 1896இல் திருநிலைப்படுத்தினார்கள். நாலு மூலையிலும் நாலு கோபுரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிக்கொண்டிருக்கும் யானை என்று ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். சின்னவனிடம் யானை எங்கே என்று கேட்டுப் பாருங்கள், கண்டுபிடித்துவிடுவான். உள்ளே சுவரிலும் கூரையிலும் மொசைக் வேலை, நுழையக் கட்டணம் இல்லை. தோள் மூடிய உடை போட்டுக்கொள்ளுங்கள், பூசை நடந்தால் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

பக்கத்தில் இருக்கும் திறந்த மேடைதான் நாம் வந்த காரியம். குன்று ஊருக்கு மேற்கே இருக்கிறது, அதனால் மாலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து ஊர் மேல் விழும். காலையில் வந்தால் சூரியன் கண்ணைக் கூசும், கூரைகள் எல்லாம் கருநிழலாகத் தெரியும். முதல் நாள் மாலைக்கு இதை வைக்கச் சொன்னது அதற்குத்தான். கீழே அருகில் சோன், அதைத் தாண்டி ரோன், இரண்டுக்கும் நடுவில் நீளமாக நிலத்துண்டு, அதில் செம்மண் தரையோடு பெரிய வெற்றிடமாகத் தெரிவது பெல்கூர். இடது பக்கம் இன்னொரு குன்று, பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த க்ருவா-ரூஸ். அது உழைக்கும் குன்று, நீங்கள் நிற்பது ஜெபிக்கும் குன்று என்பது இந்த ஊர் வழக்கு. எதிரே மதியம் காட்டி வைத்த பென்சில் கோபுரத்தைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். அங்கேதான் இறங்கினோம், அதற்கு இடப் பக்கம் அந்தப் பச்சைதான் பூங்கா, அதற்குப் பக்கத்தில் நம் வீடு. அரை மணி நேரத்தில் ஊரின் படம் எல்லோர் தலையிலும் ஏறிவிடும், மிச்ச நாட்களில் வழி கேட்கும் வேலை பாதி குறையும். வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் மோன் பிளாங் பனிமலை தெரியும். தெரிந்தால் மறுநாள் மழை என்பார்கள்.

ரோமானிய அரங்கம் இங்கிருந்து ஐந்து நிமிட நடைதான். கணவரும் பெரியவளும் தெம்பாக இருந்தால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும். கி.மு. 43இல் ரோமானியர்கள் நிறுவிய லுக்துனும் நகரம் இந்தக் குன்றின் மேல்தான் இருந்தது. பேரரசர் கிளாடியஸ் பிறந்ததும் இந்த ஊரில். ஆனால் ஜூன், ஜூலையில் அங்கே கோடை விழா நடக்கும், மேடையும் நாற்காலியும் போட்டிருப்பார்கள், வெறும் கல்லாகப் பார்க்க முடியாமல் போகலாம். பாட்டி அங்கே இறங்க வேண்டாம், கற்படிகள் ஏற்ற இறக்கமாக இருக்கும்.

7 மணிக்குக் கீழே இறங்கிவிடுங்கள். 'பழைய லியோன் பக்கத்திலேயே இருக்கிறதே, ஒரு சுற்று' என்ற ஆசை வரும். தெருவெல்லாம் மேசை போட்டுக் கூட்டமாக இருக்கும், பாட்டி கற்களில் தடுமாறுவார், சின்னவனை யாராவது தூக்க வேண்டியிருக்கும். நேரே வீடு, புளிச்சோறு, தயிர். மரக்கதவை நன்றாக இறக்கி அறையை இருட்டாக்குங்கள், இல்லாவிட்டால் 'இன்னும் பகலாக இருக்கிறது' என்று பிள்ளைகள் வாதாடுவார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

என்ன செய்தாலும் விடியற்காலை 4, 4:30க்கு வீடே விழித்துக்கொள்ளும். இதை நஷ்டமாகப் பார்க்காதீர்கள், பழைய லியோனைப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. நிதானமாகக் காப்பி குடித்து, 7 மணிக்குப் பேக்கரி திறந்ததும் ஏதாவது வாங்கிக்கொண்டு, 8 மணிக்கு அங்கே இருங்கள். தெருவில் குப்பை வண்டியும் சாமான் இறக்குகிறவர்களும்தான் இருப்பார்கள். த்ரபூல் எனப்படும், கட்டடங்களுக்குள் புகுந்து அடுத்த தெருவில் வெளிவரும் நடைவழிகள் இந்த ஊரின் தனிச்சிறப்பு. அவற்றில் பல கதவுகள் காலையில்தான் திறந்திருக்கும். ரூ செந்-ழான் தெருவில் 54ஆம் எண் கதவைத் தள்ளி உள்ளே போனால் முற்றம் முற்றமாகக் கடந்து ரூ து பஃப் தெருவின் 27ஆம் எண்ணில் வெளியே வருவீர்கள், இந்தப் பகுதியில் நீளமானது அதுதான். உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள், பிள்ளைகளைக் கத்தாமல் கூட்டிப்போங்கள். கதீட்ரலும் அதே தெருவின் கோடியில். போக்குவரத்துக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்து ஒரே அட்டையான லியோன் சிட்டி கார்டு வாங்குவதாக இருந்தால் அதை இந்த இரண்டாம் நாளிலிருந்து தொடங்குங்கள், முதல் நாளுக்குச் சில மெட்ரோ டிக்கெட்டுகளே போதும்.

முதல் நாள் மழை பிடித்துக்கொண்டால் பூங்காவுக்குப் பதில் கோன்ஃப்ளுவான்ஸ் அருங்காட்சியகம். இரண்டு ஆறுகளும் கூடும் முனையில் 2014 டிசம்பரில் திறந்தது, T1 டிராம் வாசல் வரை போகும், லிஃப்ட் உண்டு. டைனோசர் எலும்புக்கூடும், இந்த ஊர் மண்ணிலேயே கிடைத்த மாமத் யானையின் எலும்புக்கூடும் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் பிடித்து வைக்கும். 18 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. திங்கட்கிழமையில் மட்டும் மூடியிருக்கும்.